ராஜியான வழக்கு மீண்டும் உயிர் பெறுமா?

புகாரை ஒருமுறை திரும்பப் பெற்றுக்கொண்ட பின், கணவன் மறுபடியும் கைநீட்டினால் அந்தப் பழைய வழக்கை எழுப்ப இயலுமா? இவ்வினா நம் சங்கத்து அன்பர்களிடமிருந்து பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கின்றது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தாய் ஒருவர் மகளின் பொருட்டுக் கேட்கிறார். உடும்பன்சோலை ஏலத்தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன் தங்கையின் பொருட்டுக் கேட்கிறார். மறுபுறத்திலிருந்தும் குரல் எழுகின்றது. "எல்லாம் பேசித் தீர்த்துப் பணமும் கொடுத்தாயிற்று, இன்னமும் பழைய கேசைக் காட்டி மருமகள் வீட்டார் மிரட்டுகிறார்கள், அது செல்லுமா?" என்று மாமியார் ஒருவர் கேட்டிருக்கிறார். இம்மூவருக்கும் விடை ஒன்றன்று. ஆயினும் மூவரையும் குழப்புவது ஒரே சொல்தான்; அது "வாபஸ்" என்னும் சொல். அதனை அவிழ்த்துப் பார்த்தாலன்றித் தெளிவு பிறவாது.

நம் எல்லைப்புறத்தின் இயல்பை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் பெண்ணைப் பொள்ளாச்சிக்குக் கொடுப்பதும், கோயமுத்தூரிலிருந்து பெண் எடுப்பதும் அண்டை வீட்டுச் சம்பந்தம் போன்றவை. இடுக்கியிலோ, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு வந்து, ஏலக்காய் பறித்துவிட்டு, பொழுது சாய இறங்கும் குடும்பங்கள் எத்தனையோ. பிறந்த வீடு ஒரு மாநிலத்தில், புகுந்த வீடு மற்றொன்றில். கல்யாணப் பதிவு ஓரிடத்தில், ரேஷன் கார்டு வேறிடத்தில். அடி விழுந்த இடம் குமுளி. அழுதுகொண்டு போய்ச் சேர்ந்த இடம் கம்பம். இந்நிலையில் "எந்தக் காவல் நிலையம்?" என்று தடுமாறும் முன்பே, சுற்றியிருப்போர் கூடிச் சமரசம் பேசத் தொடங்கிவிடுகின்றனர். லயத்து வாசலிலோ, யூனியன் அலுவலகத்திலோ, கோயில் கமிட்டியார் முன்னிலையிலோ, மாதா கோவில் முற்றத்திலோ அப்பேச்சு நிகழ்கின்றது. மலையாள அன்பர்கள் அதனை ஒத்துதீர்ப்பு என்பர். நாம் ராஜி என்கிறோம். இறுதியில் ஒரு வெள்ளைத்தாள் வருகிறது. "ஏம்மா, வீட்டு விஷயத்தைக் கோர்ட்டு வரைக்கும் இழுக்கலாமா? கையெழுத்தைப் போடு தாயி" என்கிறார் ஒரு பெரியவர். பெண் கையெழுத்திடுகிறாள். அத்துடன் தன் உரிமை அனைத்தும் தீர்ந்தது என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். ஆறு திங்கள் கழித்து மீண்டும் அடி விழும்போது, "நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று வாய் பொத்திக்கொள்கிறாள்.

மூணாற்றில் 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்ற பொருள்படும் "பொம்பிளை ஒருமை" எனப் பெயர் பூண்டு, போனசுக்காகவும் கூலிக்காகவும் நம் தமிழ்ப் பெண்கள் சாலையில் அமர்ந்ததை நாடே கண்டது. தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகே வரவொட்டாமல் தாமே பேசி வென்றவர்கள் அவர்கள். போனஸ் கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கைகள், வீட்டுக் கொடுமை பற்றிய தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துப் பாராமலே கையொப்பமிடுவது நமக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது.

சரி, வாபஸ் வாங்கியது எதனை? இதுவே முதற்கேள்வி. மூன்று வேறு பொருள்களை நம் மக்கள் "கேஸ்" என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர்: காவல் நிலையத்தில் கொடுத்த மனு, பதிவான குற்ற வழக்கு, மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்புக் கோரிச் செய்த விண்ணப்பம் ஆகியவை அவை.

மனுவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால், பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. கேரளத்திலும் மனுவுக்கு ரசீது தருகின்றனர். (மகளிர் காவல் நிலையம் என்பதையே இந்நாட்டில் முதலில் கண்டது கேரளம்தான், 1973-இல் கோழிக்கோட்டில் அது திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் வந்தது.) ரசீது கொடுத்தபின் இரு தரப்பாரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசி, "இனிச் சண்டை போடமாட்டோம்" என்று எழுதி வாங்கி மனுவை முடித்துவிடுவர். நம் மக்களிடையே வாபஸ் ஆனதாகச் சொல்லப்படும் கேசுகளில் மிகப்பல இவ்வகையினவே என்பது நம் எண்ணம். இங்கே வழக்கு என ஒன்று பிறக்கவே இல்லை. பிறவாதது இறப்பதெங்ஙனம்? எந்த நீதிபதியும் அதனைப் பார்க்கவில்லை. எந்தத் தீர்ப்பும் எழவில்லை. ஆகவே அப்பெண் மறுநாளே புதிய புகார் கொடுக்கலாம்; பழைய நிகழ்ச்சிகளையும் அதிலே சேர்த்து எழுதலாம். பழைய மனு ரசீது அவளுக்கு எதிராக நிற்பதில்லை. கொடுமை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு அதுவே சான்றாகும். அதனைக் கிழித்தெறியாமல் பெட்டியில் வைத்திருக்கவேண்டும்.

காலக்கெடு ஒன்று உண்டு. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தை மூன்றாண்டுக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரவேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் பொதுவிதி. ஆனால் கணவன் வீட்டுக் கொடுமை என்பது தொடர்ந்து நிகழும் குற்றம் என்றும், ஒவ்வொரு முறை கொடுமை நிகழும்போதும் காலக்கணக்கு புதிதாய்த் தொடங்குமென்றும் உச்சநீதிமன்றம் 1999-இலேயே கூறியுள்ளது. "ஐந்து வருஷமாய்ப் பொறுத்துவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாதாமே" என்று சொல்வோர் இதனை மனத்திற் கொள்க. ஐந்து ஆண்டுக்கு முன் தொடங்கிய கொடுமை சென்ற மாதம் வரை நீண்டிருந்தால், சென்ற மாதமே கணக்கின் தொடக்கம்.

அடுத்தது பதிவான குற்ற வழக்கு, அதாவது எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கு. இங்குதான் சட்டமும் நம் மக்களின் எண்ணமும் பெரிதும் மாறுபடுகின்றன. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்பது அதன் சாரம். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தபின், அதே குற்றம் 85, 86 ஆம் பிரிவுகளில் இடம்பெறுகின்றது. அத்தேதிக்கு முன் நடந்ததற்குப் பழைய பிரிவும், பின் நடந்ததற்குப் புதிய பிரிவும் பொருந்தும். எண் மாறியதால் பழைய வழக்கு செத்துவிட்டது என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

இவ்வழக்கை நடத்துவது அரசு. மனைவி அதிலே சாட்சி. அன்றியும் இது சமரசமாக்கத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஆகவே "நான் வாபஸ் வாங்குகிறேன்" என்று அவள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாலும், மாஜிஸ்திரேட் முன் நின்று சொன்னாலும் அவ்வழக்கு அதனால் முடிவதில்லை. சமரசமாக்கத் தகாத குற்றத்தை லோக் அதாலத்தும் தீர்க்க இயலாது. ஊர்ப் பெரியவர்களின் தாளுக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம். சட்டக் கமிஷன் 2012-இல் நீதிமன்ற அனுமதியுடன் இதனைச் சமரசமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. பாராளுமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆந்திரப் பிரதேசம் மட்டும் 2003-இல் தன் எல்லைக்குள் அவ்வாறு திருத்தம் செய்தது. சமரச மனுக் கொடுத்தபின் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும், இடையில் எவரும் மனம் மாறியிருக்கக்கூடாது என்று அதிலே வைத்த நிபந்தனை நமக்குப் பிடித்தமானது. கூட்டத்தின் நடுவே வாங்கிய கையெழுத்துக்கும் மூன்று மாதம் யோசித்துப் போட்ட கையெழுத்துக்கும் வேற்றுமை உண்டன்றோ?

அப்படியாயின் உண்மையாகவே மனம் ஒன்றிய தம்பதியர் என் செய்வது? வழி உண்டு, அது உயர்நீதிமன்றத்தில் உண்டு. ஹரியானாவிலிருந்து வந்த ஜோஷி வழக்கில் உச்சநீதிமன்றம் 2003-இல், குடும்பம் ஒன்றுபட்டபின் வழக்கைத் தொடர்வது நீதிக்கு உதவாதெனில், உயர்நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தால் அதனை ரத்துச் செய்யலாம் என்றது. 2012-இல் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதனை உறுதிசெய்தது. குமுளியில் பதிவான வழக்கானால் கொச்சியிலுள்ள கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். போடியில் பதிவானால் மதுரைக் கிளைக்கும், பொள்ளாச்சியில் பதிவானால் சென்னைக்கும் போகவேண்டும். கேரளத்தில் இத்தகைய மனு வரும்போது மனைவியின் பிரமாண வாக்குமூலத்தை நீதிமன்றம் கேட்கும். சமரசம் உண்மைதானா என்று போலீசார் வழியாக அரசு வழக்கறிஞர் விசாரித்துச் சொல்வதும் வழக்கம். நம் சகோதரிகள் இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்கும் அந்த வேளைதான் வாயைத் திறக்கவேண்டிய வேளை. அச்சுறுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், பேசிய பணம் வந்து சேராதிருந்தாலும் அப்போதே சொல்லிவிடவேண்டும்.

ஏனெனில் அவ்வாறு ரத்தான வழக்கு பின்னர் எழுவது மிக அரிது. உயர்நீதிமன்றம் ஒரு குற்ற வழக்கில் கையொப்பமிட்ட தன் உத்தரவைத் தானே திருத்திக்கொள்ளச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. வஞ்சித்து வாங்கிய உத்தரவு என்று மெய்ப்பித்தால் வேறு. அதனை மெய்ப்பிக்க எத்தனை முறை கொச்சிக்குப் பஸ் ஏறுவது? ஆகையால் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் பணத்தைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை ரத்து மனுவின்போதே கைக்கு வரும்படி ஏற்பாடு செய்வர். நம் அன்பர்களும் இவ்வழியைப் பின்பற்றலாம். "கையெழுத்தைப் போடு, பணம் அப்புறம் வரும்" என்பார் வார்த்தையைக் கேட்டு ஏமாந்தவர் உண்டு.

மிரட்டலுக்கு அஞ்சிக் கடிதம் எழுதிய மாமியாருக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். சமரசத்தின் பயனைப் பெற்றுக்கொண்டு, பரஸ்பர சம்மத விவாகரத்தும் வாங்கிக்கொண்டு, அதே பழைய குற்றச்சாட்டை விடாமல் நடத்துவது நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று உச்சநீதிமன்றம் 2004-இல் ஒரு வழக்கில் கூறி, அக்குற்ற வழக்கை ரத்துச் செய்தது. ஆகவே நேர்மையாகத் தீர்ந்த வழக்கு ஆயுள் முழுவதும் தலைமேல் தொங்கும் கத்தியன்று. ஆனால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: உயர்நீதிமன்ற உத்தரவு வந்ததா என்று பாருங்கள். ஊரார் முன்னிலையில் பேசி முடித்ததோடு விட்டிருந்தால், பதிவான வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் உயிரோடுதான் இருக்கும். ஒருநாள் சம்மன் வந்து கதவைத் தட்டும். அதற்கு மருமகள்மீது கோபித்துப் பயனில்லை.

எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போடப்பட்டுள்ளது என்பதையும் பார்க்கவேண்டும். கொடுமைப் பிரிவைப் போடாமல் வெறும் அடிதடிப் பிரிவு மட்டும் போட்டிருந்தால் கதை வேறு. சாதாரணக் காயம் விளைவித்தல் என்ற குற்றம் புதிய சம்ஹிதையில் 115(2) ஆம் பிரிவு. அதனை அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். சமரசம் ஆனால் அது விடுதலைத் தீர்ப்புக்கு ஒப்பாகும். விடுதலையானவனை அதே நிகழ்ச்சிக்காக மறுபடியும் விசாரிக்க முடியாது என்பது நம் அரசியலமைப்புக்கும் நடைமுறைச் சட்டத்துக்கும் ஒத்த கொள்கை. ஆக, அந்த ஓர் அடிக்கான வழக்கு அத்துடன் போயிற்று. அடுத்த அடி புதிய குற்றம். அதற்குப் புதிய வழக்கு உண்டு.

சாட்சிக் கூண்டில் ஏறி "ஒன்றுமே நடக்கவில்லை, விழுந்து அடிபட்டுக்கொண்டேன்" என்று மாற்றிச் சொல்வதும் இதே முடிவில் கொண்டுபோய் விடுகின்றது. வழக்கு சாட்சியின்றி வீழ்ந்து கணவன் விடுதலையாகிறான். அந்நிகழ்ச்சி மீண்டும் எழாது. அதனினும் கொடிது, நாளை உண்மையாகவே எலும்பு முறிந்து அவள் வந்து நிற்கும்போது, "அன்று பொய் சொன்னவள்தானே" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். மன்னிப்பது ஒன்று, நடந்ததை நடக்கவில்லை என்பது மற்றொன்று. ராஜி பேசும் பெரியவர்கள் பெண்ணை இரண்டாவதைச் செய்யச் சொல்லக்கூடாது என்று நாம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகின்றோம். அது அவளுடைய நாளைய பாதுகாப்பை இன்றே விற்றுவிடுவதாகும்.

போலீசாரே விசாரித்து "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று முடித்துவிட்டால்? அதுவும் முற்றுப்புள்ளியன்று. அவ்வறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்கும் முன் புகார் கொடுத்தவருக்கு அறிவித்து, அவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1985-இலேயே விதித்துள்ளது. நோட்டீஸ் வந்தால் ஆட்சேபணை மனுக் கொடுக்கலாம். புதிய சான்று கிடைத்தால் மேற்கொண்டு புலன்விசாரணையும் நடக்கலாம். நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை என்று அடுப்படியில் சொருகி வைத்தல் கூடாது.

இனி மூன்றாவதற்கு வருவோம். நம் பெண்களுக்கு மிகவும் பயன்படத்தக்கது இதுவே. மிகவும் குறைவாக அறியப்பட்டதும் இதுவே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இது எல்லா மதத்தாருக்கும் பொது. கணவனைச் சிறைக்கு அனுப்புவது இதன் முதல் நோக்கமன்று. அடிக்காதே என்னும் பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு விரட்டாதே என்னும் குடியிருப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தைகளின் பொறுப்பு, நட்டஈடு ஆகியவற்றை மாஜிஸ்திரேட் வழங்குகிறார். விண்ணப்பத்தை அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்றங்களின் வேலைப் பளுவில் அது எப்போதும் கைகூடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் இடைக்கால உத்தரவு பெறலாம்.

இச்சட்டத்தின் 25 ஆம் பிரிவில் ஓர் அருமையான செய்தி உள்ளது. பாதுகாப்பு உத்தரவு, அப்பெண் தானே வந்து "இனி இது வேண்டாம்" என்று விண்ணப்பிக்கும் வரையில் நடைமுறையில் இருக்கும். இலங்கையிலும் இதே 2005-ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அங்கே உத்தரவின் ஆயுள் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாது. நம் நாட்டில் அவ்வாறு கெடு இல்லை. கணவனும் மனைவியும் சமாதானமாகி மீண்டும் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கினாலும், அவள் கேட்டு நீக்காத வரை உத்தரவு தானாகச் சாவதில்லை. இவ்வுத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே குற்றம் நடந்ததென்று நீதிமன்றம் முடிவுசெய்யலாம். ஆதலால், உத்தரவு கையிலிருக்கும் பெண், ராஜியான மகிழ்ச்சியில் அதனை ஓடிப்போய் நீக்கச் சொல்லவேண்டியதில்லை. அவன் நல்லபடியாக இருந்தால் அத்தாள் அவனை ஒன்றும் செய்யாது.

உத்தரவு பிறக்கும் முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற நேர்ந்தால், "தேவை நேரின் மீண்டும் விண்ணப்பிக்கும் உரிமையோடு திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒரே ஒரு வரிதான். ஆனால் பின்னாளில் வாதத்துக்கே இடமில்லாமல் செய்துவிடும். காலங்கடந்துவிட்டதே என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை. தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் செய்த விண்ணப்பத்தை, நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் செய்யவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் அத்தீர்ப்பை நீக்கி, இவ்விண்ணப்பத்துக்கு அக்காலக்கெடு பொருந்தாது என்றும், உத்தரவை மீறிய குற்றத்துக்குத்தான் கெடு கணக்கிடப்படும் என்றும் விளக்கியது.

மன்னித்தபின் பழைய குற்றம் எழுமா என்னும் கேள்விக்கு நம் நாட்டு நீதிமன்றத்தில் கிடைத்த மிக அழகிய விடை, குற்ற வழக்கில் கிடைத்ததன்று. விவாக வழக்கொன்றில் கிடைத்தது. 1975-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த தாஸ்தானே வழக்கு அது. அங்கே கொடுமை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மனைவி, வழக்குத் தொடர்ந்தவர் கணவர் என்பது வேடிக்கை. மனைவியின் நடத்தை கொடுமைதான் என்று கண்ட நீதிமன்றம், கணவர் அதன்பின்னும் அவரோடு இல்லறம் நடத்தியதால் மன்னித்துவிட்டார் என்றும் கண்டது. இந்து திருமணச் சட்டத்தின்படி மன்னிக்கப்பட்ட கொடுமையைக் கொண்டு பரிகாரம் கேட்க முடியாது. ஆனால் நீதிபதி சந்திரசூட் அவர்கள் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார்கள். தம்பதியரிடையே நிகழும் மன்னிப்பு, ராஷ்டிரபதி அளிக்கும் பொதுமன்னிப்புப் போன்றதன்று. ராஷ்டிரபதியின் மன்னிப்பு குற்றத்தை மீண்டும் எழாதபடி அடியோடு துடைத்துவிடும். வாழ்க்கைத் துணையின் மன்னிப்போ, "இனி இப்படிச் செய்யமாட்டாய்" என்னும் சொல்லாத நிபந்தனையோடு சேர்ந்தே பிறக்கின்றது. நிபந்தனை மீறப்பட்டால் பழையதும் உயிர்பெறும். அவ்வழக்கில் மனைவியின் பிந்திய நடத்தை அந்த அளவுக்குக் கடுமையாக இல்லையென்று கணவரின் முறையீடு தள்ளுபடியாயிற்று. எனினும் கொள்கை நின்றுவிட்டது. அது விவாகரத்துக் கேட்கும் வழக்குகளுக்குரியது. குற்ற வழக்கில் விடுதலையானவனை அதைக் காட்டி மீண்டும் கூண்டில் ஏற்ற இயலாது. ஆனால் மன்னித்த ஒரே காரணத்தால் தன் வாய் அடைபட்டுவிட்டதென்று எண்ணும் பெண்ணுக்கு அது பெரியதோர் ஊன்றுகோல்.

மேனாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்க நீதிமன்றங்கள் ஒரு வழக்கைத் தள்ளும்போது, மறுபடியும் தொடரும் உரிமையோடு தள்ளுகிறதா, உரிமையின்றித் தள்ளுகிறதா என்பதைப் பிரித்துச் சொல்கின்றன. அங்கும் இங்கிலாந்திலும் மனைவி வேண்டாமென்றாலும் அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்தலாம். அச்சத்தால் பின்வாங்கும் பெண்ணுக்கு அது நன்மை என்பார் சிலர்; அவள் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று கேட்பார் சிலர். நாம் இதில் முதலாமவர் பக்கமே சற்றுச் சாய்கின்றோம். "நீ வாபஸ் வாங்கினால் தீரும்" என்ற நிலை இருக்கும்வரை, அவள்மீதுதான் எல்லா நெருக்கடியும் விழும். "என் கையில் இல்லை" என்று அவள் சொல்ல முடிவதும் ஒரு பாதுகாப்பே.

சமரசத்துக்கு நாம் பகைவர் அல்லேம். குடித்துவிட்டு அடித்தவன் குடியை விட்டுத் திருந்தியதும், பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழ்ந்து சிறந்ததும் உண்டு. ஆனால் ராஜிப் பத்திரம் எழுதுவதாயின் ஒழுங்காக எழுதப்படவேண்டும். இன்ன தேதியில் இன்னது நடந்தது என்பதும், இனி நடவாது என்று அவன் உறுதியளிப்பதும், நடந்தால் அவள் சட்டப்படி செல்லத் தடையில்லை என்பதும் அதிலே இருக்கட்டும். "தவறுதலாகப் புகார் கொடுத்துவிட்டேன்" என்ற வரி இருந்தால் பெண் கையொப்பமிடலாகாது. பிரதி ஒன்று அவள் பிறந்த வீட்டில் இருக்கவேண்டும். அரசு மருத்துவமனையில் காட்டிய காயத்துக்குச் சான்றும் அவ்வாறே. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உள்ளார். அவரிடம் சொன்னால் நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும், பிரதியைக் காவல் நிலையத்துக்கும் அனுப்புவார். மறையூரிலிருந்து மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்குப் போய்வருவது ஒருநாள் கூலியை விழுங்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்த ஒருநாள் வீண்போகாது.

எல்லை தாண்டிய குடும்பங்களுக்கு இன்னுமொன்று. கணவன் வீட்டை விட்டு விரட்டப்பட்ட பெண், தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுமை வழக்குத் தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அடி விழுந்தது வண்டிப்பெரியாற்றில் என்றாலும் கம்பத்தில் புகார் கொடுக்கலாம். புதிய நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும். "எங்கள் எல்லையில்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அவள் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்து மாஜிஸ்திரேட்டே போதும். அவர் தரும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். பொள்ளாச்சியில் பெற்ற உத்தரவைச் சித்தூரில் காட்டலாம்.

மொழி பற்றியும் பலர் கேட்கின்றனர். கேரளத்துக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்படும். எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்பது புகார் கொடுப்பவரின் உரிமை. புரியும்படி தமிழில் சொல்லக் கேட்டபின்னரே கையொப்பமிடுக. எஃப்.ஐ.ஆரின் பிரதியை இலவசமாகத் தரவேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவி ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் வழி சொல்வர். அவசரத்துக்கு 181 உண்டு. ராஜிப் பத்திரம் கையிலுள்ள சகோதரிகள் அதனைச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் காட்டி, அதில் எழுதியிருப்பது என்னவென்று ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்பது நன்று. ஜீவனாம்சம் பற்றி வந்துள்ள கடிதங்களுக்கு அடுத்த இதழில் விடை எழுதுவோம்.